யாரும் மிதிக்காத பலகை

கோலார் தங்கவயலின் கோரமண்டலில் குடியிருந்த கொர்னேலியஸ் சுரங்கத்துத் தச்சர். 1898இல் துரை பங்களா ஒன்றுக்குப் பர்மா தேக்கில் தரை போட்டபோது பதினோரு பலகைகள் மிஞ்சின. மேஸ்திரியிடம் கேட்டு வீட்டுக்குத் தூக்கிவந்தார். மனைவி பாக்கியவதி அக்கம்பக்கத்தாருக்குக் கடிதம் எழுதித் தருபவள். இத்தனை நாளும் மடியில் தகரத்தை வைத்துத்தான் எழுதினாள்.

அவளுக்கு மேசை செய்ய, ஒரு பலகையின் விளிம்பு நாக்கை அடுத்ததன் காடியில் செருகி, வஜ்ஜிரப் பசையால் ஒட்டி, அடியில் சட்டம் அறைந்தார். மேலே இழைப்புளி ஓட்டி வழவழப்பாக்கினார். சனிக்கிழமை மத்தியானம் ஆளிவிதை எண்ணெய் பூசி வாசலில் காயவைத்தார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து பார்த்தால் நடுவில் ஒரு காலடித் தடம். இடது கால். சுண்டுவிரல் மட்டும் இல்லை.

"எவனோ மிதிச்சிட்டாம்பா" என்று திட்டிக்கொண்டே இழைத்துத் தள்ளினார். மறுபடி எண்ணெய் பூசி, வீட்டுக்குள் சுவரில் சாய்த்துக் கதவைப் பூட்டினார். எண்ணெய் ஊற ஊற, அதே இடத்தில் அதே தடம் மேலே வந்தது. மூன்றாம் முறை இழைக்கும்போது, விழுந்த மரச்சுருளில் ஈரமண் வாசனை அடித்தது.

"போதும் உடுங்க. பலக மெலிசாயிடும்" என்றாள் பாக்கியவதி. அன்றே அதற்குக் கால் பூட்டி மேசையாக்கிவிட்டார்.

வியாழக்கிழமை, கடிதம் எழுதித் தரக் கேட்டுத் தாயம்மா என்றொருத்தி வந்தாள். அவள் புருஷன் தங்கவேலு சுரங்கத்தடியில் வேலை செய்த லெவல் என்னும் குடைவு போன சனிக்கிழமை மத்தியானம் சரிந்துவிட்டது. ஆளை எடுக்க முடியாமல் குடைவையே அடைத்துவிட்டார்கள். குடியாத்தத்திலுள்ள மாமியாருக்கு எழுத வேண்டும்.

பாக்கியவதி காகிதத்தை விரித்தாள். தாயம்மாவின் பார்வை மேசையிலேயே நின்றது.

"இது எங்க ஊட்டுக்காரு காலு, அக்கா. கல்லு உயுந்து வெரலு போச்சே, அந்தக் காலு. அவுரு இங்க எப்ப வந்தாரு?"

தங்கவேலுவைப் பாக்கியவதியோ கொர்னேலியஸோ பார்த்ததே கிடையாது.

தாயம்மா தடத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள். "சில்லுனு கீது" என்றாள். கடிதம் முடியும்வரை கையை எடுக்கவில்லை. எழுந்தபோது மேசையைப் பார்த்து, "வாங்க, ஊருக்குப் போலாம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நடந்தாள். அன்று மாலை ரயிலிலேயே புறப்பட்டுப் போனாள்.

மறுநாள் காலை மேசையில் தேக்கின் வரிகள் மட்டும் இருந்தன.

பாக்கியவதி அதில் பல வருஷம் கடிதம் எழுதினாள். கொர்னேலியஸ் ஒருநாளும் அதன்மேல் கை ஊன்றவில்லை.