கடலைக் குடோனில் நான் கொடுத்த ஸ்டார்ட்

1. இந்தியாவுக்கு நான்தான்

துப்பாக்கி வெடிக்கும் முன்பே சாதிக் ஓடிவிட்டான். ஒரு தடவை முந்தினாலும் வெளியே போ என்பதுதான் அந்த ஓட்டத்தின் சட்டம். வெளியூரில் நடந்த முன்னோட்டப் போட்டியில் சிவப்பு அட்டையைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். "பயலுக்கு அவசரம்" என்று குடோன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். காரணம் நான்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஆலங்குடியில் கடலைக் குடோன் மேஸ்திரி நான். "புடி... செட்டா... தூக்கு" என்று நான் குரல் கொடுத்தால்தான் லோடுமேன்கள் மூட்டையைத் தூக்குவார்கள்.

சாதிக் எங்கள் ஊர்க்காரன். வெளிநாட்டில் நடக்கும் இன்டோர் போட்டிக்கு, ஆண்களுக்கான அறுபது மீட்டர் ஓட்டத்துக்கு அவனை எடுத்திருந்தார்கள். கூரைக்குள் ஓடும் ஓட்டம். கோட்டைத் தாண்டியதும் மெத்தைச் சுவரில் மோதி நிற்க வேண்டும். அப்படி ஓட நம் பக்கத்தில் இடம் ஏது? சீசன் இல்லாத நேரம் என்பதால் முதலாளி குடோனைக் கொடுத்தார். ஓட்டம் முடியும் இடத்தில் கடலைத் தோல் மூட்டைகளை மெத்தையாக அடுக்கிக் கொடுத்தேன்.

சாதிக்கின் கோச் சார் கோட்டருகே நின்று வீடியோ எடுக்க வேண்டும். ஸ்டார்ட் கொடுக்க ஆள் இல்லை. "ஏன், நான் இல்லையா?" என்று, துப்பாக்கிக்குப் பதிலாகத் தட்டும் பலகை இரண்டையும் வாங்கிக்கொண்டேன். "ஆன் யுவர் மார்க்ஸ், செட்" என்ற இங்கிலீஷ் முழுதாக வாயில் நுழையவில்லை. "புடி... செட்டு..." என்று சொல்லிப் பட்டென்று அடிப்பேன். பஸ் ஸ்டாண்டில் கண்டவர்களிடமெல்லாம் "இந்தியாவுக்கு நான்தான் ஸ்டார்ட்" என்றேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

2. சணல் கயிறு

அவன் அவுட்டாகி வந்த பிறகு கோச் சார் என்னிடம் வந்தார்.

"மேஸ்திரியம்மா, செட்டுன்னு சொல்லிட்டு எப்பத் தட்டுவீங்க?"

"தோணுறப்ப."

"இல்லைங்க. எல்லா வீடியோவையும் பாத்துட்டேன். செட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல எப்பவும் மூட்டை தூக்கச் சொல்ற அதே இழுப்பு. இவன் சத்தத்தைக் கேட்டு ஓடலை, ஒங்க தாளத்துக்கு ஓடுறான்."

லோடுமேன் கருப்பையா சிரித்தான். "நமக்கும் அப்புடித்தான் சார். அவுக செட்டான்னா இடுப்பு தானா நிமிந்துரும்."

எனக்குக் கோபம். "அப்ப நீங்களே தட்டிக்கங்க" என்று பலகையைப் போட்டுவிட்டேன்.

சாதிக் அதை எடுத்து வந்தான். "இன்னொருக்கா முந்துனா என்னைய யாரும் கூப்புட மாட்டாங்க பெரியம்மா. ஒங்க தட்டு விழுற வரைக்கும் நான் அசையாம நிக்கப் பழகணும். நீங்களே தட்டுங்க."

நேரத்தை மாற்றித் தட்டிப் பார்த்தேன். வரவில்லை. வாய் சொன்னதும் கை தானாகப் போனது. கடைசியில் என் மணிக்கட்டில் சாக்குத் தைக்கும் சணலைக் கட்டி, மறுமுனையைக் கருப்பையாவிடம் கொடுத்தார்கள். அவன் இழுத்தால்தான் நான் தட்ட வேண்டும். இத்தனை வருடம் நான் அதட்டிய ஆள், ஆட்டுக்குட்டியை ஓட்டுவது போல என்னை ஓட்டினான். வேண்டுமென்றே தாமதித்துவிட்டு, "என்ன மேஸ்திரியம்மா, கை துடிக்குதா?" என்பான்.

முதலில் சாதிக் முந்தி முந்தி விழுந்தான். போகப் போக, தட்டும் வரை அசையாமல் நின்றான்.

3. அவுட்டு

வெளிநாட்டுப் போட்டியன்று, அதை நேரலையில் பார்க்கக் கோச் சாரின் போனைச் சுற்றிக் குடோனே நின்றது. எனக்கு மட்டும் நாற்காலி. சாதிக் குனிந்தான். "செட்" என்றார்கள். வெடி வரவில்லை. இன்னும் வரவில்லை.

பட்டென்று ஒரு சத்தம். எல்லோரும் திரும்பினார்கள். நான்தான், என் தொடையில் அடித்திருந்தேன்.

"மேஸ்திரியம்மா, நீங்க அவுட்டு!" என்றான் கருப்பையா.

போனில் சாதிக்கின் பக்கத்து ஆள் பாய்ந்துவிட்டான். அவனுக்குச் சிவப்பு அட்டை. சாதிக் அசையவில்லை. மறுபடி குனிந்து, வெடி கேட்டுத்தான் ஓடினான். ஐந்தாவதாக வந்தான். அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. ஆனால் அடுத்த போட்டிக்கும் அவன் பேர் இருக்கிறது என்று கோச் சார் சொன்னார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கை பழகிவிட்டது என்று பெருமைப்படுங்கள், தப்பில்லை. அதை நிறுத்தவும் பழகுங்கள். எனக்கு அது இன்னும் வரவில்லை. கருப்பையா அந்தச் சணலைத் தூக்கிப் போடவே இல்லை.