வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு பங்குனி மாதத்தில் நடந்தது இது. அப்போது திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராக இருந்தேன். ஒரு திங்கட்கிழமை முற்பகல், மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது கொழும்பிலிருந்து தந்தி வந்தது. அடித்தவர் அத்தான், என் அக்காவின் வீட்டுக்காரர். அக்காவுக்கு வயிற்றில் கட்டி, வியாழக்கிழமை காலை ஆபரேஷன், உன்னைப் பார்க்காமல் சம்மதிக்க மாட்டேன் என்கிறாள், உடனே வா என்று இருந்தது.

அக்காவின் பிடிவாதத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். எங்கள் அம்மா ஒரு ஆபரேஷனில்தான் போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கு எங்கள் இருவரையும் வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். கடைசியாக அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டதும் சோறு ஊட்டியதும் அக்காதான். அவள் கேட்டு நான் போகாமல் இருக்க முடியுமா?

கப்பல் வழியாகப் போக நாள் போதாது. புதன்கிழமை மத்தியானம் திருச்சியிலிருந்து கொழும்புக்கு ஒரு விமானம் இருந்தது. அதை விட்டால் சனிக்கிழமைதான். கோடை விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போகலாம் என்று பாஸ்போர்ட், விசா, அம்மை குத்திய சான்றிதழ் எல்லாம் முன்பே வாங்கி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. செவ்வாய்க்கிழமை அப்பா திருச்சிக்குப் போய் டிக்கெட்டோடு திரும்பினார்.

இங்கே என் குணத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் தராசுத் தட்டுக்கு அடியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். பால்காரர் என் கண் முன்னால்தான் பால் கறக்க வேண்டும். வகுப்பில் ஒரு பிள்ளை கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டால்கூடப் பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டை எட்டிப் பார்ப்பேன். அப்படிப்பட்டவள் முதல் முறையாக, அதுவும் தனியாக, விமானம் ஏறப் போகிறேன். தெரு முழுவதும் கூடி என் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றியது.

"ஏரோப்ளேன்ல நம்ம பெட்டிய நம்ம கையில தர மாட்டாகளாம்ல. அவுகளே வாங்கி எங்கிட்டோ கொண்டு போயிருவாகளாம். உள்ள எதையாச்சும் எடுத்துட்டு எதையாச்சும் வச்சுட்டா நீ என்ன பண்ணுவ?" என்றாள் எதிர்வீட்டு அத்தை. அதைச் சொல்லிக்கொண்டே என் அக்காவுக்கென்று துணியில் தைத்த ஒரு பொட்டலத்தையும் நீட்டினாள். அவள் போன பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? தையலைப் பிரித்துப் பார்த்தேன். சுண்டைக்காய் வற்றல்தான் இருந்தது. நம்பிக்கை வராமல் அதையும் முறத்தில் கொட்டிக் கிளறினேன். மறந்துபோன எதையோ சொல்லத் திரும்பி வந்த அத்தை அதைப் பார்த்துவிட்டாள். வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள்.

அன்று மாலையே பூட்டுப் பட்டறைக்குப் போனேன். எங்கள் ஊரில் பூட்டுக்கா பஞ்சம்? சாவி இருந்தாலும் வழி தெரியாதவன் திறக்க முடியாத பூட்டு ஒன்று கேட்டேன். பட்டறைக்காரர் உள்ளங்கை அகலத்தில் ஒரு இரும்புப் பூட்டை எடுத்துக் காட்டினார். சாவியைப் பாதி திருப்ப வேண்டும். பிறகு பக்கவாட்டில் ஆணித் தலை மாதிரி இருக்கும் ஒரு குமிழைக் கீழே தள்ள வேண்டும். தள்ளிய விரலை எடுக்காமல் சாவியை மறுபுறம் திருப்ப வேண்டும்.

"வீட்டுல பத்துத் தடவ தொறந்து பூட்டிப் பழகிக்கங்கம்மா. அவசரக் கைக்கு இது மசியாது" என்றார்.

வீட்டில் இரண்டு தடவை பழகினேன். டீச்சருக்கு இதுகூடத் தெரியாதா என்ற நினைப்பு. அப்புறம்தான் என் மூளை அபாரமாக வேலை செய்தது. ரயிலில் ஜேப்படிக்காரர்கள் இருப்பார்கள், கைப்பையில் வைத்தால் அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று டிக்கெட், பாஸ்போர்ட், சான்றிதழ் மூன்றையும் ஒரு உறையில் போட்டு டிரங்குப் பெட்டியின் அடியில், எல்லாத் துணிகளுக்கும் கீழே வைத்தேன். அதன்மேல் பூட்டைப் போட்டேன். சாவியை ரவிக்கைக்குள் ஊக்கால் குத்திக்கொண்டேன். எமனே வந்தாலும் என் காகிதத்தைத் தொட முடியாது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

புதன்கிழமை காலை அப்பாவும் நானும் ரயிலேறித் திருச்சிக்குப் போனோம். விமான நிலையத்தில் வழியனுப்ப வந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். "பாத்துப் போ தாயி. அக்காளப் பாத்ததும் ஒரு தந்தி அடி" என்று சொல்லி அப்பா கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். நான் கூலியாள் உதவியோடு பெட்டியை உள்ளே கொண்டுபோய் வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர்தான். ஆனால் வரிசை நகரவே இல்லை. மேஜையில் ஒரே குமாஸ்தா. அவரே டிக்கெட்டைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், பேரேட்டில் பேரை எழுதினார், பெட்டியை நிறுத்தார், கடைசியில் ஆளையும் தராசில் ஏற்றி நிறுத்தார். சின்ன விமானம், ஆள் கனமும் கணக்காம். எனக்கு அந்தத் தராசின் மேலேயே சந்தேகம். வேண்டுமென்றே மெதுவாக எழுதுகிறார், தெரிந்தவர்களுக்கு இடம் பிடித்து வைக்கிறார் என்று தீர்மானித்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே போனதும் என் ரத்தம் கொதித்தது. அம்மைச் சான்றிதழ் பார்க்கும் டாக்டர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

உண்மையில் அந்த மனிதர் மெதுவாக எழுதவில்லை. ஒருவர் சான்றிதழைத் தேடி ஜிப்பாப் பை, இடுப்பு, செருப்புக்குள் எல்லாம் துழாவினார். ஒரு அம்மாள் பித்தளைக் குடத்துக்குள் பழனிப் பஞ்சாமிர்த டப்பாக்களை அடுக்கி வாயைத் துணியால் கட்டிக்கொண்டு வந்திருந்தார். எடை கூடுகிறது என்றதும் அவிழ்த்து ஒவ்வொன்றாக வெளியே வைத்தார். அவர்களையெல்லாம் பார்த்து, இவர்களுக்கெல்லாம் எதற்கு விமானம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் என் பின்னால் நின்றவரைக் கவனித்தேன். ஐம்பது வயதிருக்கும். கசங்கிய சட்டை, கையில் கறுப்புக் குடை, தோளில் ஒரு மஞ்சள் பை. வேறு சாமானே இல்லை. கடல் தாண்டிப் போகிறவன் இப்படியா வருவான்? அதுவும் அவர் கண் என் பூட்டின் மேலேயே இருந்தது.

"ஏனுங்கம்மா, திண்டுக்கல்லுங்களா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவருக்கு எப்படித் தெரியும்? ரயிலடியிலிருந்தே பின்தொடர்ந்து வருகிறாரோ? முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"சாவி கைவசம் இருக்குதுங்களா? பேப்பரெல்லாம் உள்ள இருந்தா இப்பவே எடுத்து வச்சுக்குங்க. அங்க போய்த் திறந்தா நேரமாயிருமுங்க" என்றார் மறுபடியும்.

சாவி எங்கே, காகிதம் எங்கே என்று கேட்கிறாரே! திருடனேதான் என்று முடிவு கட்டினேன். "உங்க வேலையப் பாருங்க" என்று வகுப்பில் அதட்டுகிற குரலில் சொன்னேன். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சுண்டிப்போய் இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார். நான் பெட்டியைக் காலோடு அணைத்துக்கொண்டேன்.

என் முறை வந்தது. "டிக்கெட், பாஸ்போர்ட், ஹெல்த் சர்ட்டிபிகேட்" என்றார் குமாஸ்தா. சுவர்ப்பக்கம் திரும்பிச் சாவியை எடுத்தேன். குனிந்து பூட்டில் போட்டேன். பாதி திருப்பினேன், குமிழைத் தள்ளினேன், திறக்கவில்லை. மறுபடி செய்தேன். குமிழை முதலில் தள்ள வேண்டுமா, சாவியை முதலில் திருப்ப வேண்டுமா? இடமா, வலமா? ஒன்றும் நினைவில்லை. வியர்வையில் சாவி வழுக்கியது. பின்னால் முணுமுணுப்பு கூடியது.

"ஓரமா வச்சுத் திறங்கம்மா. அடுத்தவங்களைப் பாக்கறேன். இன்னும் கால் மணி நேரத்துல கணக்கை முடிச்சு விமானிகிட்டக் கொடுக்கணும். அதுக்குள்ள வந்தாத்தான் இடம்" என்றார் குமாஸ்தா.

பெட்டியை ஓரமாக இழுத்துக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்தேன். அக்கா கட்டிலில் படுத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு வந்ததும் கண்ணில் நீர் முட்டிப் பூட்டே தெரியவில்லை.

அடுத்த முறை அந்தக் குடைக்காரருடையது. ஆனால் அவர் மேஜைக்குப் போகவில்லை. "நீங்க போங்க" என்று பின்னால் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். நான் சாவியைக் கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டேன். அந்த நேரத்திலும் என் புத்தி அப்படித்தான் போயிற்று. அவர் அதைப் பார்த்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நான்கடி தள்ளியே நின்றார்.

"நானு சாவியத் தொடலீங்க. எங்க தோட்டத்துச் சாளை வீட்டுக்கும் இதே பூட்டுத்தானுங்க. நீங்களே திறங்க, நான் சொல்றேன்" என்றார். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வலது பக்கம் பாதி திருப்புங்க. கட்டுன்னு ஒரு சத்தம் வருமுங்க. வந்துதுங்களா? இப்பக் குமிழைக் கீழ தள்ளுங்க. விரலை எடுத்தராதீங்க. அப்படியே சாவிய இடது பக்கமாத் திருப்புங்க."

விரலை எடுத்ததுதான் நான் செய்த தப்பு. பூட்டு வாயைப் பிளந்தது.

இனிமேல்தான் பெரிய அவமானம். காகிதம் பெட்டியின் அடியில் அல்லவா இருக்கிறது? அத்தனை ஆண்களுக்கு முன்னால் என் உள்பாவாடைகளையும் உள்ளாடைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட வேண்டும். கை தயங்கியது. அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. ஆனால் எப்படியோ புரிந்துகொண்டார். குடையை விரித்து, எனக்கு முதுகைக் காட்டி, வரிசைக்கும் எனக்கும் நடுவில் மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றார். கூடத்துக்குள் குடை பிடித்தவரைப் பார்த்து யாரோ கேலியாகச் சிரித்தார்கள். உறை கைக்குக் கிடைக்கும்வரை அவர் அசையவில்லை.

நான் மேஜைக்கு ஓடினேன். முன்பே முறை வந்தவள் என்பதால் குமாஸ்தா என்னை உடனே எடுத்துக்கொண்டார். கூலியாள் பெட்டியைத் தூக்கி வந்து தராசில் வைத்தான். குடைக்காரர் குடையை மடக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார். உடனே வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்.

"வரிசையில வாங்கய்யா! நடுவுல வந்து நுழையறீங்க?"

"நான் முன்னாடியே நின்னேனுங்க" என்றார் அவர்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. பின்னால போங்க!"

இதெல்லாம் என் காதில் விழுந்தது. திரும்பி, "அவர் எனக்குப் பின்னால் நின்றவர்தான், எனக்காகத்தான் இடத்தை விட்டார்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெட்டியிலிருந்து பிதுங்கிய புடவையை உள்ளே திணிப்பதிலும், குமாஸ்தா என் பேரைச் சரியாக எழுதுகிறாரா என்று எட்டிப் பார்ப்பதிலும் குறியாக இருந்தேன். அவர் வரிசையின் கடைசிக்குப் போனார்.

சுங்கச் சோதனை முடிந்து தடுப்புக்கு அப்பால் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். வரிசை முழுதும் தீர்ந்து அவர் மட்டும் மேஜை முன்னால் நின்றார். குமாஸ்தா பேரேட்டை மூடிவிட்டிருந்தார். எடைக் கணக்கு விமானியிடம் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது, சனிக்கிழமை வாருங்கள் என்று அவர் சொல்வது கேட்டது. குடைக்காரர் சண்டை போடவில்லை. எதையோ மெல்லக் கேட்டார். குமாஸ்தா வருத்தத்தோடு தலையாட்டினார்.

எழுந்து தடுப்புவரை போனேன். காவலர், "இந்தப் பக்கம் வந்தா மறுபடி உள்ள விட மாட்டோம்மா" என்றார். நின்றுவிட்டேன். அங்கிருந்தே சத்தம் போட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். எங்கே என்னையும் இறக்கிவிடுவார்களோ என்ற பயம் வாயைக் கட்டிவிட்டது. அவர் மஞ்சள் பையைத் தோளில் சரி செய்துகொண்டு வெளியே நடந்தார். ஒரு முறை இந்தப் பக்கம் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இன்று எங்கள் வீட்டில் யார் விமானம் ஏறினாலும் நான் பிடுங்கல்தான். காகிதமெல்லாம் கையில் இருக்கட்டும், பெட்டிக்குள் போடாதே. வீட்டிலேயே நிறுத்துப் பார். பூட்டுப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு திறக்கப் பழகு. கேட்கும் முன்பே எடுத்து நீட்டு என்று உயிரை வாங்குவேன். வரிசை மேஜைக்காரரால் நிற்பதில்லை, முறை வந்த பிறகு குனிந்து தேடுகிற என்னைப் போன்றவர்களால்தான் நிற்கிறது என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். என் தாமதத்தால் நட்டப்பட்டது நான் அல்ல என்பது அவர்களுக்குத் தெரியாது.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள். மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்கப்புறமும் நெடுங்காலம் நன்றாக இருந்தாள். நினைவு தெளிந்த அன்று, அவளுக்குப் பொழுது போகட்டும் என்று விமான நிலையத்தில் நடந்ததை எல்லாம் சொன்னேன். பூட்டுக் கதைக்கு, தையல் வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்றாள். அவர் வெளியே நடந்துபோனதைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினாள்.

"பாவம், அந்த மனுஷன் யாரைப் பாக்கக் கிளம்பி வந்தாராம்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. திருடன் என்று நினைத்தவரிடம் எங்கே போகிறீர்கள் என்று எதற்குக் கேட்டிருக்கப்போகிறேன்? மாற்றுத் துணிகூட இல்லாமல் அவ்வளவு அவசரமாகக் கிளம்பி வந்தவருக்காக, என் அக்காவைப் போலவே கொழும்பில் யாரோ வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்களோ என்னவோ. சனிக்கிழமைவரை அவர்கள் இருந்தார்களா என்ற கேள்வி மட்டும் இன்றைக்கும் என்னை விடவில்லை.