சீட்டைப் பின்னால் தள்ளியவர்

என் தங்கைக்குக் கோபம் அதிகம் என்று பட்டறையில் எல்லோரும் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்களில் ஒருவர்கூட அவளுக்கு ஏன் கோபம் வருகிறது என்று கேட்டதில்லை. நான் கேட்டிருக்கிறேன். கேட்டபின் எனக்கும் அதே கோபம் தொற்றிக்கொண்டது. இன்னும் போகவில்லை.

அவளைக் 'கடுகு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் குள்ளம், சூடு பட்டால் வெடிப்பாள். இந்தப் பட்டறைக்கு அவள் முதலில் வந்தது வண்டி கழுவ. பிறகு பஞ்சர், டயர். எஞ்சின் பக்கம் போனால், "உனக்கெதுக்கும்மா இதெல்லாம், கை கரியாயிடும்" என்பார்கள். சோப்புத் தண்ணீரில் ஊறி அதே கை தோல் உரிந்து கிடந்தபோது யாருக்கும் அந்த அக்கறை இல்லை. சண்டை போட்டு, முகம் கொடுக்காமல் இருந்து, மறுபடியும் சண்டை போட்டுத்தான் எஞ்சின் வேலையில் இடம் பிடித்தாள். அதே பட்டறை மூலையில் தையல் மிஷின் போட்டு நான் சீட் கவர் தைக்கிறேன். அதனால் இதெல்லாம் கண்ணால் பார்த்தது.

எங்கள் பட்டறை நீளம் உண்டு, அகலம் கிடையாது. ஒரே வாசல். உள்ளே நிற்கும் வண்டி வெளியே போக வேண்டுமென்றால் முன்னால் நிற்பதெல்லாம் நகர வேண்டும். அதனால் சாவியை வண்டியிலேயே விட்டுவைப்பது வழக்கம். யார் வேண்டுமானாலும் ஏறுவார்கள், தெருவில் கொண்டுபோய் நிறுத்துவார்கள், அப்படியே மறந்துபோவார்கள். மூக்கைச் சொறிவது மாதிரிதான். செய்தோமா இல்லையா என்பது செய்த ஆளுக்கே நினைவிருக்காது.

ஒருநாள் வாடகைக் கார் ஓட்டும் டிரைவர் ஒருவர் வந்தார். அவரும் கடுகு உயரம்தான் இருப்பார். சிக்னலில் நின்றால் வண்டி நடுங்குகிறது, ஏசி போட்டால் அணைந்தே போகிறது என்றார். வேறு பட்டறைகளில் பிளக் மாற்றியாயிற்று, பெட்ரோல் ஃபில்டர் மாற்றியாயிற்று, நடுக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

"பின் சீட்டுல உட்கார்றவங்க, வண்டிக்குக் காய்ச்சலான்னு கேக்குறாங்கம்மா" என்றார்.

எங்கள் முதலாளி நெட்டை. முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் 'ஏணி'. அவர் கடுகைப் பார்த்து, "நீயே பாரு. ஆனா இது சரியா வரலன்னா பழையபடி டயர் பக்கம் போயிடணும், சொல்லிட்டேன்" என்றார். எல்லோர் முன்னாலும், சிரித்துக்கொண்டே. சிரித்துவிட்டால் மட்டும் அது விளையாட்டாகிவிடுமா? அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். டயர் பக்கம் திரும்புவதென்றால் அவளுக்குச் சண்டை போட்டு ஏறிவந்த வருஷங்களை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி வாசலில் நிற்பது.

அவள் நேராக வண்டியிடம் போனாள். பானட்டைத் திறந்தாள்.

எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் குழாய் ஒவ்வொன்றின் மூட்டிலும் கிளீனரைக் கொஞ்சம் பீய்ச்சிக் காது கொடுத்தாள். எங்காவது காற்று கசிந்தால் சத்தம் மாறும். மாறவில்லை. பிறகு வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினாள். சும்மா நிற்கும் வண்டியில் ஏறக்குறைய மூடியிருக்க வேண்டிய காற்றுத் தட்டு, தேவைக்கு மேல் திறந்து நின்றது. "அக்கா, இதுக்குத் தொண்டை அடைச்சிருக்கு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். காற்றுக் குழாயைக் கழற்றி டார்ச் அடித்தபோது எனக்கே தெரிந்தது. எஞ்சினுக்குக் காற்றை அளந்து விடுகிற திராட்டில் பாடிக்குள்ளே காசு மாதிரி வட்டத் தட்டு ஒன்று இருக்கிறது. அதன் விளிம்பைச் சுற்றிக் கரி, அடிப்பிடித்த பாத்திரம் போல.

அதை வண்டியிலேயே வைத்துப் பீய்ச்சிவிட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. அவள் கழற்றினாள். தட்டைத் திருப்பும் மோட்டார் பக்கம் ஈரம் போகாமல் சாய்த்துப் பிடித்து, கிளீனரைத் துணியில் நனைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் விளிம்பை மட்டும் தேய்த்தாள். தட்டை ஸ்குருடிரைவரால் நெம்பவில்லை. நெம்பினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடையும். வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கறுப்பு வராமல் போகும்வரை விடவில்லை. தையலில் ஒரு நூல் கோணினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைக்கிறவள் நான். அந்தக் கைவேலையைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மாட்டியபின்தான் முக்கியமான வேலை. வண்டியின் கம்ப்யூட்டருக்குக் கரி பிடித்த காலத்துப் பழக்கம். அடைப்பை ஈடுகட்டத் தட்டைக் கூடுதலாகத் திறந்தே பழகிவிட்டது. சுத்தம் செய்தபிறகும் அப்படியே திறந்தால் காற்று அளவுக்கு மிஞ்சும், வண்டி தானாக முன்னால் பாயும். அதனால் ஸ்கேனரில் பழைய பாடத்தை அழித்துவிட்டு, ஏசி இல்லாமல், விளக்கு இல்லாமல், பெடலில் கால் படாமல் எஞ்சினை ஓடவிட வேண்டும். அது தானே புது அளவைக் கற்றுக்கொள்ளும், பாதியில் குறுக்கிட்டால் தப்பாகவே கற்றுக்கொள்ளும். அப்படி ஓடவிட்டாள்.

"யாரும் இந்த வண்டியத் தொடாதீங்க!" என்று கத்திவிட்டுக் கை கழுவிச் சாப்பிடப் பின்பக்கம் போனாள். நான் நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வண்டியைக் காணோம். கடுகு நடுப்பட்டறையில் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"டிரைவர் வந்தார், எடுத்துட்டுப் போயிட்டார்" என்றார் முதலாளி.

"முடியலையே! யாரு எடுக்கச் சொன்னது?"

"ஓடுற வண்டிதானே, இன்னும் என்ன முடியணும்?"

மறுநாள் காலை டிரைவர் வந்தார். வந்த வேகத்திலேயே தெரிந்தது. சிக்னலில் பிரேக்கிலிருந்து காலைத் தளர்த்தியதும் வண்டி முன்னால் பாய்ந்து, ஒரு சைக்கிளின் பின்சக்கரத்தை முட்டியிருக்கிறது. ஆளுக்கு அடி இல்லை. ஆனால் தெருவே கூடி இவரைக் குடிகாரன் என்று திட்டியிருக்கிறது.

"ஜென்மத்துல நான் குடிச்சதில்ல முதலாளி! நடுங்குற வண்டியக் குடுத்தேன், பாயுற வண்டியாக்கிக் குடுத்திருக்கீங்க!"

முதலாளி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கடுகைப் பார்த்துக் கையை நீட்டினார். "நான் அப்பவே சொன்னேன். போ, டயர் பக்கம் போ. எஞ்சினெல்லாம் உனக்கு ஒத்துவராது."

எனக்கு ரத்தம் கொதித்தது. கையில் கத்தரிக்கோல் இருந்தது, அதை முதலில் கீழே வைத்தேன். கடுகு டிரைவரிடம் திரும்பினாள். "அண்ணே, யாரும் தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனேன். நீங்க ஏன் பாதியில எடுத்தீங்க?"

"பாதியா? வண்டி தெருவுல நின்னுச்சும்மா. எஞ்சின் அணைஞ்சிருந்தது, சாவி உள்ளயே இருந்தது. நீ முடிச்சு வெளிய விட்டிருக்கேன்னு நினைச்சேன். முதலாளியக் கேட்டேன், ஆமா எடுத்துட்டுப் போங்கன்னாரு."

"தெருவுக்கு எப்படிப் போச்சு?"

"எனக்கென்ன தெரியும்?" என்றார் முதலாளி. "நான் தொடவே இல்ல. வேலையக் கெடுத்துட்டு அடுத்தவங்க மேல போடாத."

டிரைவர் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தார். "அது போகட்டும், சீட்ட எதுக்கு அவ்வளவு பின்னால தள்ளி வச்சீங்க? பிரேக்குக்குக் கால் எட்டல. பாதி வழியில நிறுத்திச் சரிபண்ணினேன்."

கடுகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். என் தங்கை எந்த வண்டியில் ஏறினாலும் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்காருகிறவள். கடைசிவரை பின்னால் தள்ளி உட்கார்ந்தால்தான் முட்டி இடிக்காது என்கிற கால் அந்தப் பட்டறையில் ஒருவருக்குத்தான் உண்டு. எல்லோர் கண்ணும் மெதுவாக முதலாளியின் காலுக்குப் போனது. அவரும் குனிந்து தன் காலையே பார்த்தார், முதல்தடவை பார்ப்பவர் போல.

"உள்ள இருந்த வேன் வெளிய போகணும்னு..." என்று இழுத்தார். "நகர்த்தியிருப்பேன். அதுக்கென்ன இப்ப?"

"அதுக்கென்னவா?" கடுகின் குரல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. "நீங்க நகர்த்துவீங்க, பெடல மிதிப்பீங்க, அணைப்பீங்க, எடுத்துட்டுப் போன்னு சொல்வீங்க. நான் டயர் பக்கம் போகணுமா? சைக்கிள்காரன் கால் போயிருந்தா அதையும் நான்தான் ஒட்டவைக்கணுமா?"

"சரி சரி, கத்தாத. ஆளுங்க பார்க்குறாங்க."

"நேத்து எல்லார் முன்னாடியும் சொன்னீங்கல்ல? இதையும் எல்லார் முன்னாடியும் டிரைவர் அண்ணன்கிட்ட சொல்லுங்க. வேலை கெட்டது யாரால?"

முதலாளி கூரையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். கடைசியில் டிரைவரின் சட்டைப் பொத்தானைப் பார்த்து, "அவ வேலைல தப்பில்லங்க. நான்தான் பாதியில எடுத்துட்டேன்" என்றார். வாய்க்குள் சொன்னார். "கேக்கல" என்றேன் நான். மறுபடியும் சொன்னார்.

கடுகு வண்டியை உள்ளே கொண்டுவந்தாள். பழைய பாடத்தை மறுபடி அழித்தாள். எஞ்சினை ஓடவிட்டு, டிரைவர் சீட்டில் பெடலில் கால் படாதபடி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. "கொஞ்சம் முன்னாடி..." என்று பட்டறைப் பையன் ஒருவன் ஆரம்பித்தான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் ஹாரன்காரரைச் சமாதானம் செய்யப் போய்விட்டான். எஞ்சின் உறுமலாக இருந்தது, ஏறியது, இறங்கியது, தடுமாறியது. ரேடியேட்டர் விசிறி ஓடி நின்றபின் எஞ்சின் வேகம் காட்டும் முள் இறங்கி ஓரிடத்தில் நின்றது. ஏசியைப் போட்டாள். சற்றே தாழ்ந்து, நிமிர்ந்து, அப்படியே நின்றது. நடுக்கம் இல்லை, பாய்ச்சலும் இல்லை.

சாவியை முதலாளி கையில் கொடுக்கவில்லை. டிரைவர் கையில் கொடுத்தாள். அவர் தெருவில் ஒரு சுற்றுப் போய்வந்து, ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் ஆட்டினார்.

"அக்கா, சிவப்புத் துணி இருக்கா?" என்று என்னிடம் வந்தாள். ஸ்டியரிங்கில் கட்டுகிற அளவுக்குப் பட்டையாக வெட்டி, ரெட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். கோபத்தில் மிதித்த மிஷின், ஆனாலும் தையல் கோணவில்லை. இப்போது அவள் கைவைத்த வண்டி முடியாமல் இருந்தால் ஸ்டியரிங்கில் அது கட்டியிருக்கும்.

நேற்றுக்கூட முதலாளி அவசரமாக ஒரு வண்டிக் கதவைத் திறந்தார். சிவப்பைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு, அந்த நீளக் காலை மடக்கி வண்டியைச் சுற்றி நடந்துபோய், சும்மா நின்ற, வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸ்காரனைப் பிடித்துத் திட்டினார். கடுகு பானட்டுக்குள்ளிருந்து தலையைத் தூக்காமலே, "அவன எதுக்குத் திட்டுறீங்க?" என்று கத்தினாள்.