ஒற்றைச் செங்கல்

காய்ந்த, இன்னும் சுடாத பச்சைக்கல்லைக் காதோரம் வைத்து நகத்தால் தட்டிப் பார்க்கிறான் மருது. பிறகுதான் அடுக்குகிறான். வயது இருபதை ஒட்டி. யார் முகத்தையும் பார்க்கமாட்டான், கூப்பிட்டால் திரும்பமாட்டான். அவனியாபுரம் தாண்டியுள்ள இந்தச் சூளையில்தான் அவன் அம்மா சோணையம்மாள் செங்கல் அறுக்கிறாள்.

அவன் அடுக்கும் சுவரில் நடுநடுவே சந்து இருக்கும். மேற்கே வெயில் சாயும்போது அதன்வழியே வெளிச்சம் துண்டு துண்டாகத் தரையில் விழும். பிடிக்கவில்லையென்றால் ஒரு கல்லை இம்மி நகர்த்துவான். இன்று விழுந்த சித்திரம் நாளை விழாது. சூளைக் கருப்பசாமிக்கு விளக்குப் போட வருகிற நான், திரியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவேன்.

"என்ன மாப்ள, அரமனை முடிஞ்சதா? எப்பக் குடி போற?" என்பார் மேஸ்திரி கண்ணுச்சாமி. இருட்டுவதற்குள் சோணையம்மாள் அத்தனையும் பிரித்து, மற்ற கல்லோடு சேர்த்துவிட வேண்டும்.

கோரிப்பாளையத்தில் ஒரு பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் படமும் கைவேலையும் சொல்லித் தருகிறார்களாம். போன வாரம் சோணையம்மாள் அவனைக் கூட்டிப் போனபோது துணைக்கு நானும் போனேன். "எனக்குப் பெறகு இவென் எங்கிட்டுக்கா போவான்? அங்கன ஒரு எடங் கெடச்சாப் போதும்" என்று பஸ்ஸில் நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கருப்பா, கண் திற என்று வேண்டிக்கொண்டேன்.

அங்கிருந்த டாக்டரம்மா தன்மையானவர். இதற்கு ஆட்டிசம் என்று பேர் சொன்னார். கற்பனை எவ்வளவு இருக்கிறதென்று அளந்து பார்த்துத்தான் சேர்ப்பார்களாம். மேசைமேல் ஒரு செங்கல்லை வைத்தார்.

"தம்பி, இத வச்சு என்னென்ன செய்யலாம்? சொல்லுங்க பாப்போம்."

மருது எடுத்தான். காதோரம் தட்டினான். நெட்டுக்குத்தாக நிறுத்தினான். கையை நீட்டினான்.

"இன்னொண்ணு."

"முதல்ல இதுக்குச் சொல்லுங்க."

"இன்னொண்ணு."

"ஒத்தக் கல்ல வச்சு அவென் என்னத்தச் செய்வான் தாயி? நாலு கல்லு குடுத்துப் பாருங்க" என்று கெஞ்சினாள் சோணையம்மாள்.

"செய்ய வேணாம்மா. வாயால சொன்னாப் போதும்."

அந்த வாய்தானே அவனுக்கு வாய்க்கவில்லை. டாக்டரம்மா வருத்தத்தோடுதான் தாளில் முட்டை போட்டார். இடம் இல்லை.

சூளைக்குத் திரும்பும்போது பொழுது விழுந்துவிட்டது. காலையில் அவன் பாதி அடுக்கிய சுவர் அப்படியே நின்றது.

"இந்தாக்கா, நாளையிலருந்து இவென் கல்லத் தொடப்படாது. அம்புட்டுத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் கண்ணுச்சாமி.

சோணையம்மாள் சுவர்முன் போய் நின்றாள். பிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வெயில் இல்லை, சந்துகளில் இருட்டுதான் இருந்தது. மருது கையை நீட்டினான்.

"இன்னொண்ணு."

அவள் குனிந்து ஒரு பச்சைக்கல்லை எடுத்தாள். முந்தானையால் மண்ணைத் துடைத்து, அவன் கையில் வைத்தாள்.