ஏழுமலை அண்ணனும் எடுக்காத வரியும்

இன்று, 2004 மார்ச் 9, காலை 6.40. செங்கம் சாலையில் என் பிரவுசிங் சென்டரைத் திறந்து, யாரும் கருத்து எழுதலாம் என்று நான் நடத்தும் நம் ஊர் இணையப் பலகையைப் பார்த்தேன். இருபது பேர் எழுதியிருந்தார்கள். லாட்ஜ் ஏழுமலை அண்ணன் நேற்று மாலை மாரடைப்பில் இறந்துவிட்டார். பத்தொன்பது பேர் அஞ்சலி செலுத்தியிருந்தார்கள். இருபதாமவர் எழுதியது: "நல்ல மனுஷன். ஆனா அவரு லாட்ஜ் பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு கையால கதவைப் புடிச்சிக்கினு குளிச்சேன்."

எட்டு மணிக்கு அவர் மகன் பாஸ்கர் போன் செய்தார். "இன்னா சார் இது, பொணத்த எடுக்கறதுக்கு முன்னாடியேவா? மொதல்ல அந்த வரிய எடுங்க. சாயங்காலத்துக்குள்ள எடுக்கலனா போலீசுக்குப் போவேன்."

மாலைக்குள் நான் பதில் சொல்ல வேண்டும். புதிதாக வந்த இணையச் சட்டத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். நான் பயப்பட வேண்டுமா கூடாதா என்பது அதில் விளங்கவில்லை.

பலகைக்காரர்களே, இங்கே முதன்முதலில் எடுக்கச் சொல்லி வந்தவரே ஏழுமலை அண்ணன்தான். பௌர்ணமியன்று அவர் லாட்ஜில் வெந்நீர் வருவதில்லை என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

"பொய்யாண்ணே?"

"பொய்னா நான் ஏன்டா வரேன்? நெசம். அதான் எடுக்கச் சொல்றேன்."

தொல்லை விட்டால் போதும் என்று எடுத்தேன். எடுத்ததை மறைப்பது என் வழக்கமில்லை. 'லாட்ஜ் ஏழுமலை கேட்டுக்கொண்டதால் ஒரு கருத்து நீக்கப்பட்டது' என்று அதே இடத்தில் போட்டேன். சாயங்காலத்துக்குள் ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் லாட்ஜில் பேய் என்றார், இன்னொருவர் போலீஸ் ரெய்டு என்றார். மறுநாள் காலை அண்ணன் வந்து நின்றார்.

"டேய், அதைத் திரும்பப் போடுடா. வெந்நீர் மட்டுந்தான்னு ஊருக்குத் தெரியட்டும்."

கீழே தன் பதிலையும் தட்டச்சு செய்ய வைத்தார்: "பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் ஜாஸ்தி, பாய்லர் சின்னது."

அதன்பிறகு எதையுமே எடுப்பதில்லை என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன். எவனோ வம்புக்கு ஒரு கல்லூரிப் பெண்ணின் வீட்டு போன் நம்பரைப் போட்டான். அவளே பதில் எழுதட்டும் என்றேன். அண்ணன் என் நாற்காலியைப் பிடித்து இழுத்தார்.

"அந்தப் பொண்ணு வீட்டுல போன் நிக்காம அடிக்குது. இன்னா பதில் எழுதும்? எடுடா மொதல்ல. தத்துவம் அப்பால பேசலாம்."

எடுத்தேன். வெட்கம் வேறு, ஆபத்து வேறு. அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

ஆகவே:

1. பாஸ்கர், அந்த வரி இருக்கும். உங்கள் பதிலை உங்கள் பெயரில் அதன் கீழேயே போடுகிறேன். என்னைத் திட்டினாலும் போடுவேன்.

2. ஆறுதல் சொல்லுங்கள் என்று ஒருவர் துக்க வீட்டு போன் நம்பரைப் போட்டிருக்கிறார். அதை இப்போதே எடுக்கிறேன்.

3. காரியம் முடிந்ததும் ஒரு தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டு லாட்ஜுக்கு வருகிறேன். மாட்டிவிட்டால் அந்த வரி பொய்யாகிவிடும். அப்போது எடுக்கச் சொல்லுங்கள்.