தண்ணீர்க் குளிசை

கண் ஆப்பரேஷனுக்குத் திகதி கேட்டு இரண்டு முறை போய்த் திரும்பி வந்தேன். இரண்டு முறையும் பிரஷர் கூடியிருக்கிறது என்றார்கள். எனக்குப் பின்னால் வந்தவளுக்குத் திகதி கிடைத்தது. அவள் ஆஸ்பத்திரியில் யாருக்குச் சொந்தமோ.

வலது கண் மங்கியதில் தேயிலைக் கொழுந்தோடு முற்றல் இலையும் கூடைக்குள் போனது. மலையில் எங்களை வேலை வாங்கும் கண்டாக்கு பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னும் கொஞ்ச நாள் போனால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்.

மூன்றாம் முறை நர்ஸ் மிஸ்ஸி என் கையில் பட்டியைச் சுற்றினார். அப்போதும் பிரஷர் கூடுதலாகத்தான் காட்டியது.

"இந்த மெசின் சரியில்ல. ஒங்க கையில போட்டுப் பாருங்க" என்றேன்.

மிஸ்ஸி சிரித்தார். தன் கையில் போட்டுக் காட்டினார். சரியாகத்தான் இருந்தது.

"மெசின் மேல கேஸ் போட்டாச்சு. இப்ப நீங்க சொல்லுங்கம்மா, குடுத்த பிரஷர் குளிசைய குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறேன்."

"தெனமுமா?"

பக்கத்தில் ஆம்பிளைகள் இருந்தார்கள். அவர்கள் போன பிறகுதான் சொன்னேன். அந்தக் குளிசை குடித்தால் மூத்திரம் முட்டும். மலையில் கக்கூஸ் இல்லை. பஸ்ஸிலும் அடக்க முடியாது. அதனால் வேலை இல்லாத நாளில் மட்டும் குடித்தேன். கிளினிக் வரும் நாளிலும் குடிப்பதில்லை.

"அது வெளிய போகத்தாம்மா குளிசையே. ஒடம்புல உப்பும் தண்ணியும் தேங்குனா ரத்தம் கூடிப்போகும். அத்தனையையும் நெஞ்சுதான் தள்ளணும். ரத்தக் கொழாய்க்குள்ள அழுத்தம் ஏறும். கண்ணுல கத்தி வைக்கிற நேரம் ஏறுனா உள்ள ரத்தம் கசிஞ்சிரும்."

நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இரண்டு வாரம் விடாமல் குடித்தேன். மலையில் முட்டும்போது, என்னோடு வேலை செய்கிறவர்கள் இடுப்பில் சுற்றிய படங்குத் துணியை அவிழ்த்து விரித்து, சுற்றி நின்று மறைத்தார்கள்.

"தெனம் ஒனக்குச் செவுரா நிக்கணுமா நாங்க?" என்றாள் ஒருத்தி.

"நில்லு. நாளைக்கு ஒனக்கும் இதே குளிசைதான்" என்றேன்.

அடுத்த முறை பிரஷர் இறங்கியிருந்தது. மிஸ்ஸி மறுபடியும் ஒரு தரம் பார்த்துவிட்டு, டாக்டரிடம் கேட்டு அட்டையில் திகதி எழுதித் தந்தார். எழுத்து எனக்குத் தெளியவில்லை. வெளியே வந்து முதலில் ஒரு பொம்பிளையிடம் வாசிக்கச் சொன்னேன். பிறகு பஸ் கண்டக்டரிடமும் காட்டினேன்.

இரண்டு பேரும் ஒரே திகதியைத்தான் சொன்னார்கள்.