ஒரே பெஞ்சில் இரண்டு கட்சி

போன வாரம் தபால் ஆபீசில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர், துணியில் தைத்த பார்சலுக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தார். மெழுகுவர்த்தியில் குச்சியைக் காட்டி, தையல் மேல் சொட்டுச் சொட்டாக விட்டார். இந்தக் காலத்திலும் அரக்கு வைக்கிறார்களா என்று நினைப்பதற்குள் அந்த வாசம் மூக்கில் ஏறிவிட்டது. நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோய், கவுண்டரில் இருந்த பெண் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

எனக்கு அரக்கு வாசம் என்றால் தேர்தல். மற்றவர்களுக்குத் தேர்தல் என்றால் கொடி, மைக் செட், வேட்டு. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அரக்கு, சணல், கார்பன் பேப்பர், கொசுக்கடி என்பார்கள்.

நான் முதன்முதலாக ஓட்டுப் போட்டது தொண்ணூற்றாறில். அந்த வருசம்தான் மதுரையிலிருந்து பிரித்துத் தேனியைத் தனி மாவட்டமாக்கினார்கள். அதுவரை ஒரு சான்றிதழுக்குக்கூட மதுரைக்கு பஸ் ஏறியவர்கள் நாங்கள். அப்போது சீட்டில்தான் ஓட்டு. தேவாரத்தில் எங்கள் வார்டுக்கான சாவடியில் முத்திரைக் கட்டையை மையில் நன்றாக ஒற்றி, முதல் ஓட்டு அழுத்தமாக விழ வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தினேன். குத்தின வேகத்தில் மை பக்கத்துச் சின்னத்துக்கும் பாய்ந்துவிட்டது. மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வெளியே வந்து பெருமையாகச் சிரித்தேன். அது செல்லாத ஓட்டுதான் என்று இன்றுவரை எனக்கு ஒரு சந்தேகம். நான் ஓட்டுப் போட்ட வேட்பாளர் ஜெயித்திருந்தாலும் அதில் எனக்குப் பங்கில்லை.

தேர்தல் நாளில் எங்கள் ஊரில் ஒரு விசேஷம் உண்டு. ஏலக்காட்டு வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் மலையேறிவிடும் ஜீப்புகள் அன்றைக்குக் கீழேயே நிற்கும். வாரம் முழுக்க மலையில் கிடக்கிற பெண்கள் தலைக்குக் குளித்து, பூ வைத்து, வரிசையில் நிற்பார்கள். ஊரே கல்யாண வீடு மாதிரி இருக்கும். எனக்கு அந்தக் கூட்டத்தைப் பார்க்கத்தான் பிடிக்கும், ஓட்டு அப்புறம்.

மேசைக்கு அந்தப்பக்கம் நான் உட்கார்ந்தது இரண்டாயிரத்து ஆறில். ராயப்பன்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சராகச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தேனித் தொகுதியில் வேலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஆண்டிபட்டித் தொகுதிக்கு நாடு முழுக்கப் பேர் உண்டு. தேனித் தொகுதிக்கு அப்படியெல்லாம் பேர் கிடையாது. தேனி என்றால் சந்தை, பஸ் ஸ்டாண்டு, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தொகுதிக்காரர்களுக்கு அதில் ஒரு கர்வம் உண்டு. எந்த ஊரில் எந்தத் தேர்தலில் யார் எத்தனை வித்தியாசத்தில் தோற்றார் என்பதை டீக்கடையில் மாட்டு விலை மாதிரி சொல்வார்கள்.

எனக்குக் கிடைத்தது தேனியிலிருந்து மினிபஸ் போகிற ஒரு சின்ன ஊர். என் வேலை விரலில் மை வைப்பது. அதற்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள் என்றால் நம்புவீர்களா? பயிற்சி எடுத்தும் முதல் மணி நேரத்திலேயே என் விரல் எல்லாவற்றிலும் மை ஏறிவிட்டது. ஊரில் உள்ள எல்லாருடைய ஓட்டையும் நானே போட்டுவிட்ட மாதிரி இருந்தேன்.

ஓட்டு மிஷினைச் சோதித்துக் காட்டி, முத்திரை வைக்கிறபோதுதான் அந்த இரண்டு பேரையும் பார்த்தேன். பெரிய கட்சிகள் இரண்டின் ஏஜெண்டுகள். ஒருவர் வேலுச்சாமி, அறுபதைத் தாண்டியவர், வெளுத்த சட்டை. இன்னொருவர் தங்கராசு, நாற்பத்தைந்து இருக்கும், கறுத்து உருண்ட உடம்பு. ஒரே பெஞ்சில் ஆளுக்கு ஒரு ஓரமாக, நடுவில் இன்னொரு ஆள் உட்காரலாம் போல இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். காது மடல் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வெளியே விரிந்திருந்தது.

"அந்தாளு கையெழுத்துப் போட்டாச்சான்னு கேளுங்க சார்" என்றார் வேலுச்சாமி, தலைமை அலுவலரிடம். அந்தாளு இரண்டு அடி தள்ளித்தான் இருந்தார்.

"போட்டாச்சுன்னு சொல்லுங்க சார்" என்றார் தங்கராசு.

எங்கள் தலைமை அலுவலர் வேறு இலாகாவிலிருந்து வந்த சாது. இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்லி, பாவம், கழுத்து வலித்திருக்கும்.

எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த சத்துணவு ஆயாதான் என் காதில் விசயத்தைப் போட்டார். "கூடப்பெறந்தவுக டீச்சர். பேச்சு நின்னு பத்து வருசமாச்சு."

சண்டை தொண்ணூற்றாறு தேர்தலில் வந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே பொதுச்சுவர். அண்ணன் அதில் தன் கட்சிச் சின்னத்தை எழுதியிருக்கிறார். தம்பி அதுவரை அண்ணன் கட்சிதான், அந்த வருசம் மாறியிருக்கிறார். மாறினவர் சும்மா இருக்காமல் சுவருக்கு வெள்ளையடித்துப் புதுச் சின்னத்தை எழுதிவிட்டார். தெருவே கூடி நிற்க அண்ணன், "நீ எங்கப்பனுக்குத்தான் பெறந்தியாலே?" என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு வார்த்தைதான். அதற்குப் பிறகு அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் தம்பி போகவில்லை. தம்பி வீட்டுக் காதுகுத்துக்கு அண்ணன் வரவில்லை. தேர்தல் வந்தால் மட்டும் இரண்டு பேரும் இந்தப் பெஞ்சுக்கு வந்துவிடுவார்கள். இரண்டாயிரத்து ஒன்றிலும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்களாம். வேறு எங்கேயும் பக்கத்தில் உட்கார வழியில்லாததால்தான் இரண்டு பேரும் ஏஜெண்டாக வருகிறார்களோ என்று எனக்குப் பிறகு தோன்றியிருக்கிறது. அன்றைக்குத் தோன்றவில்லை, நான் மையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் வெயில் ஏறிக் கூட்டம் குறைந்த நேரத்தில் வேலுச்சாமியின் மனைவி வந்தார். பேச்சியம்மாள் என்று பெயர். ஒல்லியான அம்மா, புருசன் இருக்கிற பக்கம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு முந்தின மேசையில் இருந்தவர் பட்டியலைப் பார்த்துச் சத்தமாக வாசித்தார்.

"பேச்சியம்மாள். கணவர் பெயர், தங்கராசு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்ததும் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அச்சடித்தவர்கள் வரி மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் கொழுந்தன் பெயரைப் புருசன் பெயராக ஊர் நடுவில் வாசித்தால் ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும்? அதுவும் அந்தக் கொழுந்தனோடு பத்து வருசம் பேச்சில்லாத வீட்டில்? அந்த அம்மா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார்.

கையில் கொண்டுவந்த ரேசன் கார்டில் வேலுச்சாமி என்று இருந்தது. சுயேச்சை வேட்பாளர் ஒருவருக்கு ஏஜெண்டாக வந்திருந்த இளவட்டம், அதுவரை தூங்கி வழிந்துகொண்டிருந்தவன், எழுந்து நின்றான். "கார்டுல ஒரு பேரு, லிஸ்ட்ல ஒரு பேரு. நான் ஆட்சேபிக்கிறேன் சார்." விதியில் அதற்கு இடம் உண்டு. தலைமை அலுவலர் கையேட்டைப் புரட்ட ஆரம்பித்தார்.

"அது எம் பொஞ்சாதி சார்" என்றார் வேலுச்சாமி.

"நீங்க சொல்றீங்க. ஆனா நீங்க ஒரு கட்சி ஏஜெண்டு. வேற யாராச்சும் அடையாளம் சொன்னா நல்லது" என்ற தலைமை அலுவலர், தெரியாத்தனமாகவோ தெரிந்தோ தங்கராசுவைப் பார்த்தார்.

அந்த ஊரில் எப்போதும் பத்து, பதினைந்து ஓட்டில்தான் முன்னே பின்னே வரும் என்று காலையிலேயே கேள்விப்பட்டிருந்தோம். வாசல் பக்கம் தங்கராசு கட்சியின் மாற்று ஏஜெண்டு நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறக்காதே என்று தலையை ஆட்டியதை நான் பார்த்தேன். வேலுச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி சொல்வார் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

"எனக்கு ஓட்டே வேணாம். நான் போறேன்" என்று பேச்சியம்மாள் திரும்பினார்.

தங்கராசு எழுந்தார். பெஞ்சு லேசானது, அதனால் அண்ணன் உட்கார்ந்திருந்த ஓரம் சட்டென்று தாழ்ந்தது.

"லிஸ்ட்ல தப்பு சார். இவுக எங்க அண்ணன் சம்சாரம். எனக்கு மதினி." பேச்சியம்மாளைக் கை காட்டினார். "எங்காத்தா சாகும்போது எனக்கு நாலு வயசு. இவுக இடுப்புல கெடந்துதான் வளந்தேன். இவுக யாருன்னு எங்கிட்டயா கேக்குறீக?"

சிரித்தவர்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை. சுயேச்சைப் பையன் உட்கார்ந்துவிட்டான். ஆட்சேபம் வாபஸ் என்று முணுமுணுத்தான்.

பேச்சியம்மாள் என் மேசைக்கு வந்து இடதுகையை நீட்டினார். நான் விரலைப் பிடித்து மை வைத்தேன். இரண்டு நாள் பயிற்சி எடுத்த கைதான், ஆனாலும் நகத்தில் வைக்க வேண்டிய மை பாதி விரலுக்கு ஓடிவிட்டது. அட்டை மறைப்புக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மிஷின் கூவியது. வெளியே போகிற வழியில் பெஞ்சுக்கு முன்னால் நின்றார். அப்படி நிற்கக் கூடாது, ஏஜெண்டோடு பேசக் கூடாது. தலைமை அலுவலர் திடீரென்று மேசைக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தார்.

"சாப்புட்டியாய்யா?" என்றார் பேச்சியம்மாள், தங்கராசுவைப் பார்த்து.

"இல்ல மதினி."

அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் ஒரு சிறுமியிடம் தூக்குவாளி வந்தது. சோறும் மொச்சைக்குழம்பும். தட்டு இரண்டு இருந்தன. வேலுச்சாமி இரண்டு தட்டிலும் போட்டு, ஒன்றை விரலால் பெஞ்சின் அந்த ஓரத்துக்குத் தள்ளினார். பேசவில்லை. தங்கராசு எடுத்துச் சாப்பிட்டார். அவரும் பேசவில்லை. மொச்சைக்குழம்பு வாசத்தில் எனக்கும் வயிறு கூப்பாடு போட்டது. அழுகை வருகிற நேரத்திலும் பசி வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் அரக்கு உருக்கி எல்லாவற்றுக்கும் முத்திரை வைத்தோம். கையெழுத்து வாங்கும்போது, "தம்பி மொதல்ல போடட்டும் சார்" என்றார் வேலுச்சாமி. காலையில் அந்தாளு, சாயங்காலம் தம்பி. தங்கராசு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

இரண்டு வருசம் கழித்து, சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் வீரபாண்டியில் பேச்சியம்மாளைப் பார்த்தேன். அவர்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "மை வச்ச டீச்சர்தான?" என்றார். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்கிறார்களா என்று கேட்டேன்.

"எங்க பேசுறாக. இவுக ஊருக்குப் போனா அவன் வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டுறான். அவன் இல்லாட்டி இவுக போய்க் காட்டுறாக. பேச்சு மட்டும் கெடையாது."

அப்போதுதான் தொகுதிகளை மாற்றியமைத்திருந்தார்கள். தேனித் தொகுதி எடுபட்டுப் போயிற்று. டவுன் பெரியகுளத்தோடு, அந்த ஊர் போடியோடு என்று பிரித்துவிட்டார்கள். அந்த யோசனை பேப்பரில் வந்த அன்றைக்கே வேலுச்சாமிக்குச் சோறு இறங்கவில்லையாம். ஆட்சேபணை மனு எழுதிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய் நின்றால், தங்கராசுவும் ஒரு மனுவோடு அங்கே நின்றிருக்கிறார். ஒரே சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறார்கள். வேலுச்சாமி கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட் வாங்கியிருக்கிறார். ஆபீசில் மனு வாங்கினவர், நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வந்தீர்களா என்று கேட்டதற்கு, "இவன் எந் தம்பி. வேற கட்சி" என்றாராம். அதைச் சொல்லிவிட்டுப் பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மனுவினால் ஒன்றும் ஆகவில்லை. ஆகாது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

விடைபெறும்போது எனக்கு ஒரு குறுகுறுப்பு. தம்பி அன்றைக்கு அடையாளம் சொன்னதற்கு நன்றியாக, மதினி தங்கள் சின்னத்தில்தான் அழுத்தினார் என்று தங்கராசு கட்சிக்காரர்கள் சாவடி வாசலிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள். புருசன் கட்சியை விடுவாளா என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. நேராகவே கேட்டுவிட்டேன்.

"அத யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான அட்டை மறைச்சு வச்சிருந்தீக" என்றார் பேச்சியம்மாள். பொரிகடலை வாங்கப் போய்விட்டார்.

அடுத்து வந்தது பாராளுமன்றத் தேர்தல். எங்கள் பாராளுமன்றத் தொகுதிக்குத் தேனி என்று புதிதாகப் பெயர் வைத்திருந்தார்கள். பேர் என்னவோ பெரிதாகத்தான் ஆயிற்று. ஆனால் சட்டசபைக்கு ஆள் அனுப்புகிற தேனித் தொகுதி, டீக்கடையில் கணக்குச் சொல்லிப் பெருமைப்பட்ட அந்தத் தொகுதி, அதோடு போயிற்று. நான் மை வைத்ததுதான் அதன் கடைசித் தேர்தல் என்று அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது.

இரண்டாயிரத்துப் பத்தில் தேனி பஸ் ஸ்டாண்டில் தங்கராசுவைப் பார்த்தேன். மொட்டையடித்திருந்தார். நான் திருப்பதியா பழனியா என்று கேட்கப்போனேன், நல்லவேளை, அதற்குள் அவரே சொல்லிவிட்டார். வேலுச்சாமி இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. அண்ணனுக்கு ஆண்பிள்ளை இல்லை. கொள்ளி வைத்தது இவர்தான்.

"கடைசியில பேசினீங்களா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

"ஆஸ்பத்திரியில கூடவே கெடந்தேன் டீச்சர். தண்ணி குடுன்னாக, குடுத்தேன். சுவத்துல நீ எழுதின எழுத்து நல்லாத்தாண்டா இருந்துச்சுன்னாக. வேற ஒண்ணும் பேசல."

மினிபஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். எதையாவது பேச வேண்டுமே என்று, அடுத்த வருசம் சட்டசபைத் தேர்தல் வருகிறதே, சாவடியில் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர், கட்சியில வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிட்டேன்" என்றார் தங்கராசு. "நான் இனி யாருக்கு எதிர்த்தாப்புல போய் உக்கார?"